திரும்பக் கேட்கும் காது

2007 மார்ச் 17ஆம் நாள் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் ரயிலேறி வந்து அங்கே கூடியிருந்தார்கள். அந்த மேடையில் அவர்களுக்கு முன்பாக வாசித்தவர்களில் தில்லியைச் சேர்ந்த பரிக்ரமா குழுவினரும் உண்டு. 1991இல் தொடங்கிய அக்குழு, அதற்குள் கல்லூரி விழாக்களில் ஒரு தலைமுறையையே வளர்த்திருந்தது. எனினும் அன்றைய மாலையில் பரிக்ரமாவின் இடம் முன்னுரையின் இடம்தான். உண்மையான நூல் அதற்குப் பிறகே தொடங்கும் என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வரிசைமுறை ஒரு நாளின் நிகழ்ச்சிநிரலோடு முடிந்துவிட்டதன்று. இந்தியச் சுயாதீன ராக் இசையை அதன் ரசிகர்களே எங்கே வைத்திருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சான்று. வெளிநாட்டுக் குழு வந்துசேரும்வரை பொழுதைப் போக்கவும், அவர்கள் ஒருபோதும் வராத ஊர்களில் அவர்களுக்கு ஈடாக நிற்கவுமே உள்ளூர்க் குழு என்று கருதப்பட்டது. நேசம் இருந்தது, ஐயமில்லை. ஆனால் அந்த நேசத்தில் எப்போதும் ஓர் ஒப்பீடு இருந்தது.

இப்போது முப்பதைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் நிற்கும் அந்த ரசிகர்கள் பழைய குழுக்களைத் தேடித் திரும்புகிறார்கள். இரவில் வேலை முடிந்து, பதினாறு வயதில் பென்டிரைவில் வாங்கிக் கேட்ட ஒரு பெயரைத் தேடுபொறியில் இடுகிறார்கள். இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பதின்பருவத்தில் கேட்ட பாட்டு பிற்காலத்தில் கேட்டதைவிட ஆழமாகப் பதியும் என்பது அனைவரும் அறிந்ததுதான். ஆனால் அப்படித் திரும்புபவர்களுக்கு நேர்வது வேறொன்று. பாட்டு அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்ட காது மாறியிருக்கிறது. அன்று எதற்காக அந்தப் பாட்டைப் பாராட்டினார்களோ, அது இன்று பொருட்டாகத் தோன்றுவதில்லை. அன்று காதில் விழாத ஒன்றே இன்று பாட்டின் உயிராகத் தெரிகிறது. இந்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்கினால் அன்றைய ரசனையின் அளவுகோல் எது என்பது புலப்படும்.

அந்த அளவுகோல் மிக எளியது: ‘வெளிநாட்டுக் குழு மாதிரியே இருக்கிறது’. 1993இல் அலகாபாத்திலிருந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற இதழைத் தொடங்கி இந்தியக் குழுக்களுக்கென்று ஓர் எழுத்துவெளியை உருவாக்கிய அமித் சைகல் போன்றவர்கள் அதை மாற்றப் பெரிதும் முயன்றார்கள். கல்லூரிப் போட்டிகளில் அது எளிதில் மாறவில்லை. அங்கே பிறர் பாடலை அச்சுப் பிசகாமல் வாசிப்பதே தேர்ச்சியின் அடையாளம். சொந்தப் பாடல் வாசித்தால் கூட்டம் தேநீர் குடிக்க நகர்ந்துவிடும். ஆங்கிலத்தில் பாடியவர்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் ஒன்று, ‘இந்தியர் பாடுவதாகவே தெரியவில்லை’ என்பது. இதைப் பாராட்டு என்றே சொன்னார்கள். பாராட்டு என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

ஒலியியல் வழியாகப் பார்த்தால் அந்தப் பாராட்டின் உள்ளடக்கத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். இந்திய ஆங்கிலத்தில் ட, ட போன்ற நாவளை ஒலிகள் அழுத்தமாக விழும். சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளோடு ஆங்கிலேயர் விடும் மூச்சு வராது. பலரிடம் ‘வி’, ‘டபிள்யூ’ இரண்டும் ஒன்றாகிவிடும். மேடையேறிய பாடகர் இவற்றை ஒவ்வொன்றாக மறைத்தார். மறைக்கத் தெரிந்தவர் நல்ல பாடகர் எனப்பட்டார்.

இதை இந்தியர்களுக்கே உரிய தாழ்வு மனப்பான்மை என்று சொல்வது தவறு. பிரிட்டிஷ் மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1983இல் வெளியிட்ட ஆய்வில் தம் நாட்டுப் பாப் பாடகர்களின் உச்சரிப்பை ஆராய்ந்தார். தங்கள் பேச்சில் ஒலிக்காத சொல்லிறுதி ரகரத்தைப் பாடும்போது மட்டும் அவர்கள் அமெரிக்கர்களைப் போல ஒலித்திருக்கிறார்கள். பீட்டில்ஸின் தொடக்ககாலப் பதிவுகளில் மிகுதியாக இருந்த அந்த ரகரம் 1960களின் இறுதிக்குள் வெகுவாகக் குறைந்துவிட்டதை அவர் எண்ணிக் காட்டினார். பிரிட்டிஷ் இசையே உலகச் சந்தையில் முன்னணிக்கு வந்தபின் அமெரிக்கர் போலப் பாடவேண்டிய கட்டாயம் தளர்ந்தது என்பது அவரது விளக்கம். ஆக, மாற்றிப் பாடுவது நாவின் குற்றமன்று. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே நாக்கு சாயும். லிவர்பூலின் நாக்கே சாய்ந்தது என்றால் பெங்களூரின் நாக்கைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

பெங்களூரின் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழுவைத் திரும்பக் கேட்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1996இல் தொடங்கிய இக்குழுவின் பெயர் ஆங்கிலக் காதுக்கு வெப்பத்தோடு தொடர்புடையதுபோல ஒலிக்கும். உண்மையில் அது ஒரு கேலிக்கணக்கு. உறுப்பினர்களில் மூவர் மலையாளிகள், ஒருவர் கால்பங்கு மலையாளி. ‘த்ரீ மல்’ என்பதே ‘தெர்மல்’ ஆயிற்று. பெயரிலேயே ஊர் இருந்தது. ரசிகர்கள் அதைக் கவனிக்காமல், கிட்டார் வாசிப்பு எந்த அமெரிக்கக் குழுவை நினைவூட்டுகிறது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 2012இல் அவர்கள் ஆட்டோரிக்‌ஷாவை மையமாக வைத்து, ‘மூன்று சக்கரம், ஒன்பது உயிர்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில், மூன்று வட்டுகள் கொண்ட தொகுப்பையே வெளியிட்டார்கள். இன்று அதைக் கேட்டால் ஓர் இந்திய நகரத்தின் ஆங்கிலம் கேட்கிறது. அது லண்டனின் ஆங்கிலமும் அன்று, நியூயார்க்கின் ஆங்கிலமும் அன்று. மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று பேரம் பேசிய ஒருவர் எழுதிய ஆங்கிலம்.

பரிக்ரமாவின் ‘பட் இட் ரெயின்ட்’ பாடலுக்கும் இதே கதைதான். கல்லூரி விடுதிகளில் அது ஒரு சோகப் பாட்டாக, பிரிவுப் பாட்டாகப் புழங்கியது. அந்தப் பாட்டு 1990களில் காஷ்மீரில் நடந்த ஆட்கடத்தல்களின் பின்னணியில் எழுந்தது. அந்தச் செய்தியோடு இன்று கேட்கும்போது, காதலியை எண்ணித் தலையாட்டிய பழைய இரவுகள் சற்றே கூசவைக்கும். பாட்டு எதையும் ஒளித்துவைக்கவில்லை. கேட்பவர்கள்தாம் அதில் இந்தியாவைத் தேடவில்லை.

திரும்பக் கேட்பதன் கனம் முழுமையாக வெளிப்படுவது இந்தியன் ஓஷன் குழுவிடம். 1990இல் தில்லியில் சுஷ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி இருவராலும் தொடங்கப்பட்ட குழு அது. அவர்களது ‘கந்தீஸா’ 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. தலைப்புப் பாடல், கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் வழங்கும் சுரியானி மொழித் துதி. ‘கந்தீஸா’ என்றால் புனிதமானவர். எபிரேயத்தின் ‘கதோஷ்’, அரபியின் ‘குத்தூஸ்’ ஆகியவற்றுக்கும் இதே வேர்தான். இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி ஒன்று, மலபார்க் கரையில் பல நூற்றாண்டுகள் தேவாலயங்களுக்குள் தங்கி, பிறகு தில்லிக் குழு ஒன்றின் பேஸ் கிட்டாரோடு வெளியே வந்தது. ஒரு சொல்லும் விளங்காமல் இந்தியாவெங்கும் மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள். மொழி விளங்காவிட்டால் பாட்டு ஓடாது என்று அக்காலத்தில் ஆங்கிலத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

அதே தொகுப்பில் ‘ஹில்லே லே’ இருக்கிறது. அது போஜ்புரிப் பாடல். எழுதியவர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்து 1989இல் மறைந்த கவிஞர் கோரக் பாண்டே. அதே தொகுப்பில் நர்மதையை ரேவா என்ற அதன் பழம்பெயரால் போற்றும் ‘மா ரேவா’வும் இருக்கிறது. குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ராகுல் ராம், நர்மதா பச்சாவ் ஆந்தோலனில் பணியாற்றியவர். நதிக்கரை மக்களிடமிருந்து வந்த பாட்டு அது. தொகுப்பு வெளியான அதே 2000ஆம் ஆண்டு அக்டோபரில், சர்தார் சரோவர் அணையின் கட்டுமானம் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 2017இல் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்த்தேக்கம் முதன்முறையாக அதன் முழு உயரமான 138.68 மீட்டரை எட்டியது. கரையோர ஊர்கள் பல நீருக்குள் போயின.

பள்ளி முடிக்கும் வயதில் ‘மா ரேவா’வைக் கேட்டவருக்கு அது நாட்டுப்புறச் சாயலுள்ள அழகான மெட்டு. இன்று கேட்பவருக்கு, பாட்டில் போற்றப்படும் நதி அந்த வடிவில் இப்போது இல்லை. பாடிய குரல்களில் ஒன்றும் இல்லை. அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் மறைந்தார். ஒலிப்பதிவில் ஒரு நொடியும் மாறவில்லை. அதைச் சுற்றி நாடு மாறியிருக்கிறது. ஒரு பாட்டு ஓர் இடத்திலிருந்து எழுந்தது என்றால், அந்த இடத்துக்கு நேர்வதெல்லாம் பாட்டுக்கும் நேரும். எங்கிருந்தும் எழாத பாட்டுக்கு இந்த ஆபத்தும் இல்லை, இந்தப் பேறும் இல்லை.

கேரளத்தின் அவியல் குழு இதை வேறு வழியில் காட்டுகிறது. 2008இல் வந்த அவர்களது தொகுப்பு முழுவதும் மலையாளம். கிட்டாரின் ஒலியில் எந்தச் சமரசமும் இல்லை, மொழியிலும் இல்லை. திராவிட மொழிகளின் நெடில், குறில் வேறுபாடும் இரட்டித்து ஒலிக்கும் மெய்களும் டிரம்ஸின் தட்டோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்பதைப் பலர் முதன்முறை உணர்ந்தது அந்தத் தொகுப்பில்தான். அதிலுள்ள ‘ஆடு பாம்பே’ என்ற தலைப்பைக் கண்டதுமே தமிழ் வாசகருக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார். மலையாளத்தில் நாராயண குரு அதே மரபில் குண்டலினிப் பாட்டு இயற்றியிருக்கிறார். பழைய காது இவற்றையெல்லாம் தாண்டி, ‘மலையாளத்தில் பாடினாலும் சர்வதேசத் தரம்’ என்று பாராட்டியது. அந்த ‘பாடினாலும்’ என்ற ஓர் உம்மைக்குள் அன்றைய ரசனையின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. தாய்மொழியில் பாடியதெல்லாம் உண்மை, ஆங்கிலத்தில் பாடியதெல்லாம் போலி என்ற முடிவுக்குத் தாவுவதே அது. ஷில்லாங்கை எண்ணிப்பார்த்தால் இந்த முடிவு நிற்காது. மேகாலயாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். அங்கே லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடிவருகிறார். அதே நகரத்தின் சோல்மேட் குழு ப்ளூஸ் இசையைத் தன் தாய்வீட்டுச் சொத்துபோல வாசிக்கிறது. காசி மலைகளில் கிட்டாரும் ஆங்கிலமும் தலைமுறைகளாகத் தேவாலயங்களிலும் வீடுகளிலும் புழங்குபவை. ‘உங்கள் மண்ணின் இசையைப் பாடுங்கள்’ என்று அவர்களுக்குச் சமவெளியிலிருந்து அறிவுரை சொல்வது, ‘அமெரிக்கர் போலப் பாடுங்கள்’ என்று சொன்ன பழைய அளவுகோலின் மறுபக்கம்தான். இரண்டும் பாடகரின் இடத்தைப் பாடகருக்காக வேறொருவர் தீர்மானிப்பவை.

ஆகவே மொழி எது என்பது கேள்வியன்று. பாட்டு எங்கிருந்து பாடப்படுகிறது என்பதும், அந்த இடத்தைக் கேட்பவர் கேட்டாரா என்பதுமே கேள்விகள்.

அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது அங்கே இல்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார், ஆம்ப்ளிஃபையர், ஒத்திகைக்கு அறை, ஆங்கிலப் பாடல்களைப் பிழையின்றிப் பாடும் பள்ளிப்படிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து வாய்த்தவர்களுக்கே அந்த மேடை திறந்திருந்தது. பணமும் சாதியும் நுழைவுச்சீட்டில் அச்சிடப்படவில்லை, அவ்வளவே. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரியை நடத்தி, கானாவையும் ராப்பையும் ராக் இசையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. முந்தைய பதினைந்து ஆண்டு கல்லூரி விழாக்களில் கிட்டாருக்கு அருகே கானா நிற்கவில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இளமையின் குழுக்களை நேசத்தோடு திரும்பக் கேட்பவர் இந்தக் குறையையும் சேர்த்தே கேட்பதுதான் முறை. நேசம் கணக்குப் பார்ப்பதைத் தடுக்கவேண்டியதில்லை.

திரும்பிப்போதல் எப்படி இருக்கலாம் என்பதற்கு வங்கத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. கௌதம் சட்டோபாத்யாய் முன்னின்று கொல்கத்தாவில் 1970களின் நடுவில் அமைத்த மொஹீனேர் கோராகுலி, ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு. 1977 முதல் 1979 வரை மூன்று சிறிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. பெரிய கவனம் கிடைக்கவில்லை, குழு கலைந்தது. 1995இல், ‘மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்’ என்று பொருள்படும் தலைப்பில் கௌதம் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து மேலும் சில தொகுப்புகள் வந்தன. அவற்றில் பழைய பாடல்களோடு புதிய பாடல்களும், பழையவர்களோடு இளைய கலைஞர்களும் இருந்தார்கள். ஒரு நூலுக்குப் பதிப்பாசிரியர் இருப்பதுபோல அவர் அந்த இசைக்குப் பதிப்பாசிரியராக இருந்தார். 1999இல் அவர் மறையும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்பாரற்றிருந்த குழு வங்க ராக் இசையின் தொடக்கப்புள்ளியாகியிருந்தது. 2006இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் அவர்களது மெட்டு வேறு சொற்களோடு ஒலித்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் நாடு முழுவதும் முணுமுணுக்கப்பட்டது. அங்கே திரும்பிப்போதல் சேகரித்தலாகவும் பதிப்பித்தலாகவும் பிறருக்குக் கையளித்தலாகவும் நடந்தது. பழைய பாட்டுக்குப் புதிய குரல் கிடைத்தது.

இணையத் தலைமுறையின் குழுக்களுக்கு அந்த வாய்ப்பு இருக்குமா என்பதே இப்போதைய கவலை. 2019 மார்ச்சில், மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகளை வழங்கிமாற்றத்தின்போது இழந்துவிட்டதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ 1.4 கோடி கலைஞர்களின் 5 கோடிப் பாடல்கள் என்று அப்போது செய்திகள் கூறின. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தாம் இந்தியக் கல்லூரிக் குழுக்கள் வீட்டில் பதிவுசெய்த பாடல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கிய ஆண்டுகள். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் தொடங்கிய ஃபிளைட் என்ற இசை விற்பனைத் தளம் அடுத்த ஆண்டு ஜூனில் மூடப்பட்டது. நிகழ்ச்சி அறிவிப்புகளும் ரசிகர் குழுமங்களும் நிறைந்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பரோடு முடிந்தது. மேலே பேசப்பட்ட பெயர்பெற்ற குழுக்களின் பாடல்கள் கிடைக்கும். மூன்றே பாடல் பதிவுசெய்து, இரண்டு விழாக்களில் வாசித்து, வேலை கிடைத்ததும் கலைந்துபோன நூற்றுக்கணக்கான குழுக்களைத் தேடுபவருக்குச் செயலிழந்த இணைப்புகளே மிஞ்சும்.

இந்தியாவில் அச்சான நூலுக்கு 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது. திரைப்படத்துக்கு 1964 முதல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் இருக்கிறது. மரபிசைக்கும் நாட்டார் இசைக்கும் 1982இல் தொடங்கப்பட்ட இனவரைவிசையியல் ஆவண மையம் குருகிராமில் இருக்கிறது. 2009இல் ஒரு விடுதியறையில் பதிவான சுயாதீனப் பாடலைப் பேணும் பொறுப்பு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இந்த வெற்றிடத்துக்கும் பழைய அளவுகோலுக்கும் தொடர்பு உண்டு. அசலுக்கு ஈடாக நிற்பது என்று கருதப்பட்ட ஒன்றை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அசல்தான் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறதே என்ற நினைப்பு போதும், நகலைக் கைவிட்டுவிடலாம். நகல் என்று எண்ணியதுதான் அசல் என்று காது உணர்ந்து திரும்பும்போது கோப்பு இல்லை.

எல்லாவற்றுக்கும் அரசை எதிர்பார்க்கவேண்டியதில்லை. மொஹீனேர் கோராகுலியை மீட்டது ஒரு மனிதரும் அவரோடு நின்ற சிலரும்தான். மக்கள் தொடர்பியல், இசை, மொழியியல் துறைகளில் ஆய்வுத் தலைப்பு தேடி அலையும் மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஒரு நகரம், பத்து ஆண்டுகள், அங்கே இயங்கிய குழுக்கள், அவை பாடிய மொழிகள், மிஞ்சிய பதிவுகள் என்ற அளவில் ஓர் ஆய்வேடு எழுதினால்கூட அது ஒரு காப்பகத்தின் முதல் அலமாரியாகும். ஆய்வாளர் அல்லாதவர்களும் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. பழைய குழுவின் டிரம்மரோ பேஸ் கிட்டார் கலைஞரோ இன்று ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டுப் பரணில் இயங்காத மடிக்கணினி ஒன்று இருக்கும். இளமையில் அந்தக் குழுவை நேசித்தவர்கள் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, அந்த வன்தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கலாம். தேதி, ஊர், வாசித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு அதைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். வன்தட்டுகளுக்கும் ஆயுள் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளை அவற்றில் பல ஏற்கனவே கடந்துவிட்டன.